உலகத்துப் பூட்டுகளும் பெங்களூர்ச் சாவியும்

(நமது பகுதி நேர நிருபர்)

யஷ்வந்த்பூரில் ரயிலை விட்டு இறங்கி மல்லேசுவரம் பக்கம் போகிறவர்களுக்கு ‘டாட்டா இன்ஸ்டிடியூட்’டின் நீண்ட மதில் சுவர் தெரியும். உள்ளே மரங்கள் அடர்ந்து நிற்கும். ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தச் சுவரைப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், “ஏதோ பெரிய ஆராய்ச்சி” என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

1909-ல் பிறந்த அந்த இந்திய விஞ்ஞானக் கழகத்திலும், அதற்குச் சற்றுத் தள்ளி சதாசிவ நகரில் உள்ள ராமன் ஆராய்ச்சி நிலையத்திலும் இன்று நடக்கும் ஒரு வேலை, நம் ஒவ்வொருவர் சட்டைப் பையையும் தொடுகிறது. அதன் பெயர் குவாண்டம் விஞ்ஞானம். அதற்காக மத்திய அரசாங்கம் ஒதுக்கியிருக்கும் தொகை 6,003 கோடியே 65 லட்ச ரூபாய். இந்தப் பணம் எதற்கு? யார் யார் சேர்ந்து வேலை செய்கிறார்கள்? ஆலைத் தொழிலாளிக்கும் ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் இதில் என்ன சம்பந்தம்?

பூட்டிலிருந்து ஆரம்பிப்போம்.

3233-ஐப் பிரிக்க முடியுமா?

சம்பள நாளன்று தர்மபுரியிலோ திருப்பத்தூரிலோ இருக்கும் தாயாருக்கு முன்பெல்லாம் மணியார்டர் அனுப்புவோம். இப்போது டெலிபோனில் நாலு தட்டுத் தட்டினால் பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. வழியில் யாரும் பிடுங்கிக்கொள்ளாமல் எது காக்கிறது? ஒரு கணக்கு காக்கிறது.

53-ஐ 61-ஆல் பெருக்கினால் 3233. இதை எட்டாம் வகுப்புப் பையன் அரை நிமிஷத்தில் போட்டுவிடுவான். ஆனால் 3233-ஐக் கையில் கொடுத்து, “எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும்?” என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களே பென்சிலைத் தேடுவார்கள். இதே எண் 600 இலக்கத்துக்கு மேல் நீளமாக இருந்தால்? உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்தாலும் நம் ஆயுளுக்குள் முடியாது. பெருக்குவது சுலபம், பிரிப்பது கஷ்டம் என்ற இந்த ஒரே சங்கதியை வைத்து 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் ஒரு பூட்டைச் செய்தார்கள். பாங்க்குகளும் கம்பெனிகளும் அரசாங்கங்களும் இந்தப் பூட்டையும், இது போன்ற வேறு சில கணக்குப் பூட்டுகளையும் நம்பித்தான் வியாபாரம் செய்கின்றன.

1994-ல் அமெரிக்காவின் பீட்டர் ஷோர் என்ற கணித அறிஞர் ஒரு குண்டைப் போட்டார். குவாண்டம் விதிப்படி ஓடும் கம்ப்யூட்டர் ஒன்று போதிய பெரிதாக அமைந்தால், இந்தப் பூட்டை வெகு சீக்கிரம் திறந்துவிடலாம் என்று கணக்குப் போட்டே காட்டினார். 2001-ல் ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் அந்த முறையைச் சோதித்தார்கள். அவர்கள் பிரித்த எண் 15. விடை மூன்றும் ஐந்தும்! சிரிக்கத் தோன்றும். ஆனால் ரைட் சகோதரர்கள் 1903-ல் முதலில் பறந்ததும் 12 விநாடிதான்.

பயப்பட இன்று காரணம் இல்லை. 600 இலக்க எண்ணைப் பிரிக்கும் குவாண்டம் கம்ப்யூட்டர் எவரிடமும் இல்லை. ஆனாலும் ஒரு சிக்கல் உண்டு. பூட்டிய பெட்டியை இன்றே திருடி வைத்துக்கொண்டு, சாவி கிடைக்கும் நாளில் திறக்கலாம் அல்லவா? தாயாருக்கு அனுப்பிய இரண்டாயிரம் ரூபாய்ச் செய்தியைப் பதினைந்து வருஷம் கழித்துத் திறந்தால் எவருக்கும் லாபமில்லை. ராணுவத்தின் ரகசியமும், வெளிநாட்டுத் தூதரகத்தின் கடிதமும், ஒருவருடைய நோய் பற்றிய ஆஸ்பத்திரிக் குறிப்பும் அப்படியல்ல. அதனால்தான் இப்போதே புதுப் பூட்டு தேடுகிறார்கள்.

கைகாட்டியும் க்யூபிட்டும்

1900-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க், ஒளியும் வெப்பமும் குழாய்த் தண்ணீர் போலத் தொடர்ந்து வருவதில்லை, அரிசி மணி போலத் தனித்தனியாக வருகின்றன என்று கண்டார். அந்தத் தனி மணிக்குத்தான் ‘குவாண்டம்’ என்று பெயர். அணுவுக்குள் நடப்பது எல்லாம் இந்தக் கணக்குப்படிதான்.

சாதாரணக் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சைபர், ஒன்று என்ற இரண்டே குறிகளால் எழுதுகிறது. பழைய ரயில்வே கைகாட்டி மாதிரி: ஒன்று படுத்திருக்கும், இல்லாவிட்டால் இறங்கியிருக்கும், நடுவில் நிற்கக் கூடாது. குவாண்டம் கம்ப்யூட்டரின் குறிக்கு ‘க்யூபிட்’ என்று பெயர். யாரும் பார்க்காத வரையில் அது சைபரும் ஒன்றும் கலந்த நிலையில் இருக்கும். பார்த்த மாத்திரத்தில் ஏதாவது ஒன்றாக நின்றுவிடும்.

“அப்படியானால் எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் போட்டுவிடுமா?” என்று கேட்கலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அது முழு உண்மை அல்ல. கடைசியில் பார்க்கும்போது ஒரே ஒரு விடைதான் கிடைக்கும். குளத்தில் இரண்டு அலைகள் மோதும்போது ஓர் இடத்தில் உயர்ந்தும் ஓர் இடத்தில் அடங்கியும் போகின்றன. அதே போலத் தப்பு விடைகள் ஒன்றை ஒன்று அடக்கி, சரியான விடை உயர்ந்து நிற்கும்படி கணக்கை அமைக்க வேண்டும். அப்படி அமைக்கக்கூடிய கணக்குகள் சிலவே. எண்ணைப் பிரிப்பது அதில் ஒன்று. புது மருந்து, புது உலோகம், உரம் இவற்றில் அணுக்கள் எப்படிச் சேரும் என்று பார்ப்பது இன்னொன்று. ரயில் டிக்கெட் போடவும் சம்பளப் பட்டியல் தயாரிக்கவும் இது தேவையில்லை. ஆகவே ஆபீசில் இருக்கும் கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டு இது வந்து உட்காரும் என்று எவரும் கவலைப்பட வேண்டாம்.

இந்த யந்திரத்தைக் கட்டுவது பெரும்பாடு. ஒரு வகைக் க்யூபிட்டுக்குக் கடும் குளிர் வேண்டும். குளிரின் கடைசி எல்லை மைனஸ் 273.15 டிகிரி. அந்த எல்லையிலிருந்து ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு அளவே மேலே வைத்து வேலை வாங்குகிறார்கள். விண்வெளிகூட அத்தனை குளிர் இல்லை. அந்தக் குளிர்ப் பெட்டியைத் திறந்து பார்த்தால், அடுக்கடுக்காகத் தங்க முலாம் பூசிய தட்டுகளுடன், தலைகீழாகத் தொங்கும் குத்துவிளக்கு மாதிரி இருக்கும். 2019-ல் கூகிள் கம்பெனி 53 க்யூபிட்களையும், 2024 டிசம்பரில் 105 க்யூபிட்களையும் வைத்து யந்திரம் செய்து காட்டியது. 1980-களில் இதற்கு அடிப்படையான மின்சுற்றுச் சோதனை செய்த கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் என்ற மூவருக்கு 2025-ம் வருஷத்து பௌதிக நோபல் பரிசு கிடைத்தது.

வாகன் சீல் மாதிரி ஒரு சாவி

பூட்டை உடைக்கிற அதே விஞ்ஞானம், உடைக்க முடியாத ஒரு சாவியையும் தருகிறது. 1984-ல் பென்னட், பிரஸ்ஸார்ட் என்ற இருவர் அந்த வழியைச் சொன்னார்கள்.

கூட்ஸ் வண்டியில் சரக்கை ஏற்றி வாகன் கதவுக்கு சீல் வைக்கிறோம். சீல் ஒன்றும் பெரிய பூட்டு இல்லை. கையால் முறுக்கினால் அறுந்துவிடும். ஆனால் அறுத்தால் தெரிந்துவிடும். குவாண்டம் சாவியும் இப்படித்தான். திருடன் தொடவே முடியாது என்று அது சொல்வதில்லை. தொட்டால் தெரியாமல் போகாது என்கிறது.

எப்படி? அனுப்புகிறவர் ஒளியை ஒவ்வொரு துகளாக அனுப்புகிறார். ஒவ்வொரு துகளும் ஒரு கோணத்தில் அதிரும்: நேராக, படுக்கையாக, வலச் சாய்வாக, இடச் சாய்வாக. நேரும் படுக்கையும் ஒரு ஜோடி. இரண்டு சாய்வுகளும் ஒரு ஜோடி. வாங்குகிறவரிடம் ஜோடிக்கு ஒன்றாக இரண்டு வடிகட்டிகள் இருக்கும். எது வருகிறது என்று அவருக்குத் தெரியாது. மனம்போன போக்கில் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறார். சரியான வடிகட்டியில் விழுந்தால் சரியான விடை. மாறி விழுந்தால் பூவா தலையா கதைதான்.

பிறகு இருவரும் எல்லோரும் கேட்கும் டெலிபோனிலேயே, எந்தத் துகளுக்கு எந்த வடிகட்டி வைத்தோம் என்பதை மட்டும் பேசிக்கொள்கிறார்கள். விடையைச் சொல்வதில்லை. வடிகட்டி ஒத்துப்போனவற்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுகிறார்கள். மிஞ்சிய வரிசைதான் சாவி. நடுவில் ஒருவன் ஒவ்வொரு துகளையும் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி அனுப்பினால், ஒத்துப்போக வேண்டிய விடைகளில் நாலில் ஒன்று தப்பாகிவிடும். சிலவற்றை ஒப்பிட்டாலே குட்டு வெளிப்படும். சீல் அறுந்தது என்று தெரிந்ததும் அந்தச் சாவியைக் கழித்துவிட்டுப் புதுச் சாவி ஆரம்பிப்பார்கள்.

திருடன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அசலை விட்டுவிட முடியாதா? முடியாது. தெரியாத நிலையில் உள்ள ஒரு குவாண்டம் துகளுக்கு நகல் எடுக்கவே இயலாது என்று 1982-ல் நிரூபித்தார்கள். ஒற்றைப் பாதையில் டிரைவர் கையில் கொடுக்கும் டோக்கனைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரே டோக்கன்தான் வெளியே வரும்படி யந்திரங்களைப் பிணைத்திருக்கும். இரண்டாவது டோக்கன் வந்தால் இரண்டு ரயில்கள் எதிர் எதிரே வந்துவிடும். ரயில்வேயில் அதை யந்திரம் தடுக்கிறது. இங்கே இயற்கையே தடுக்கிறது.

ஐம்பது மீட்டரில் ஆரம்பம்

இந்த வேலை நம் நாட்டில் எங்கே நடந்தது? 2021 பிப்ரவரியில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தார், இஸ்ரோவுடன் சேர்ந்து, தங்கள் வளாகத்தில் இரண்டு கட்டிடங்களுக்கு இடையே காற்றின் வழியாகவே இப்படிச் சாவி அனுப்பினார்கள். தூரம் 50 மீட்டர். நம் தெருக்கோடி வரைகூட வராது. அடுத்த மாதமே ஆமதாபாத்தில் இஸ்ரோ 300 மீட்டர் தூரத்துக்கு அனுப்பிக் காட்டியது. 2022 பிப்ரவரியில் டி.ஆர்.டி.ஓ.வும் டில்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து, பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் நடுவே, ஏற்கெனவே பூமியில் கிடந்த கண்ணாடி இழைக் கம்பியில் 100 கிலோமீட்டருக்கு மேல் அனுப்பினார்கள். 2023-ல் ராமன் நிலையத்தார் நகர்ந்துகொண்டிருக்கும் கருவிக்கும் சாவி அனுப்பினார்கள். நாளைக்குச் செயற்கைக் கோளுக்கு அனுப்ப வேண்டுமானால் இது தெரிந்தாக வேண்டும். கோள் ஓர் இடத்தில் நிற்காதே!

நூறு கிலோமீட்டருக்கு மேல் ஏன் கஷ்டம்? கண்ணாடி இழையில் போகும் ஒளி வழியில் தேய்ந்துகொண்டே போகும். நூறு கிலோமீட்டரில் நூறு துகளுக்கு ஒன்றே பிழைத்து வரும். இருநூறு கிலோமீட்டரில் பத்தாயிரத்துக்கு ஒன்று. சாதாரண டெலிபோன் லைனில் நடுவே கருவி வைத்துச் சத்தத்தைப் பெரிதாக்கி அனுப்புவார்கள். இங்கே அது நடக்காது. நகல் எடுக்க முடியாத சரக்கைப் பெரிதாக்குவது எப்படி? ஆகவே நடு நடுவே ஸ்டேஷன் வைத்து, ஒரு சாவியை அங்கே முடித்து, அடுத்த பகுதிக்குப் புதுச் சாவி போட வேண்டும். டிரைவர் ஒரு டோக்கனைக் கொடுத்துவிட்டு அடுத்த டோக்கனை வாங்குகிற மாதிரிதான். 2017-ல் சீனா பெய்ஜிங்குக்கும் ஷாங்காய்க்கும் இடையே 2,000 கிலோமீட்டர் லைன் திறந்தபோது 32 ஸ்டேஷன்கள் வைத்தது.

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சாவி சற்று நேரம் திறந்து கிடக்கிறது. அங்கே இருக்கும் ஆள் நம்பிக்கையானவராக, வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிய விஞ்ஞானமானாலும் கடைசியில் ஒரு மனிதர் கையில்தான் வந்து நிற்கிறது.

இதைத் தவிர இன்னொரு வழியும் உண்டு. குவாண்டம் கம்ப்யூட்டராலும் சுலபமாகத் திறக்க முடியாது என்று கருதப்படும் வேறு கணக்குகளை வைத்துப் புதுப் பூட்டுச் செய்வது. அமெரிக்காவின் தர நிர்ணய நிலையம் 2024 ஆகஸ்டில் அப்படி மூன்று முறைகளை வெளியிட்டது. இதற்குப் புது லைனோ கோளோ தேவையில்லை; இருக்கிற டெலிபோனிலேயே மாற்றிவிடலாம். பிரிட்டன் 2035-க்குள் மாற்றி முடிக்க வேண்டும் என்று தன் ஸ்தாபனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. சாதாரண மக்கள் பணத்துக்கு இந்த வழிதான் முதலில் வரும். ஒளிச் சாவி ராணுவம், மின்சார வாரியம் போன்ற பெரிய இடங்களுக்கு உதவும்.

நாலு ஊர், ஒரு திட்டம்

2020 பிப்ரவரி 1 அன்று நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் தம் பட்ஜெட்டில், குவாண்டம் ஆராய்ச்சிக்கு ஐந்து வருஷத்தில் 8,000 கோடி என்று அறிவித்தார். மந்திரி சபை ஒப்புதல் வந்தது 2023 ஏப்ரல் 19 அன்று. அதற்குள் தொகை 6,003.65 கோடியாகவும், காலம் எட்டு வருஷமாகவும் மாறியிருந்தது. வருஷத்துக்குச் சராசரி 750 கோடி. திட்டம் 2030-31-ல் முடிய வேண்டும். அமெரிக்கா 2018-லேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டுவிட்டது. ஐரோப்பிய நாடுகள் அதே வருஷம் நூறு கோடி யூரோவில் பத்து வருஷத் திட்டம் தொடங்கின. மூன்று வருஷம் நாம் பிளாட்பாரத்தில் நின்றோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

திட்டத்தின் இலக்குகள் வருமாறு: எட்டு வருஷத்தில் 50 முதல் 1,000 க்யூபிட் வரை உள்ள கம்ப்யூட்டர், செயற்கைக் கோள் வழியாக 2,000 கிலோமீட்டர் இடைவெளியில் ரகசியச் செய்தி, நகரத்துக்கு நகரம் 2,000 கிலோமீட்டர் ஒளிச் சாவி லைன், மிக நுட்பமான அணுக் கடிகாரங்களும் காந்த அளவுக் கருவிகளும்.

வேலை நாலு தலைமை இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது 2024 செப்டம்பரில். கம்ப்யூட்டர் வேலை பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு. செய்தித் தொடர்பு சென்னை ஐ.ஐ.டி.க்கு, அதனுடன் டில்லியிலுள்ள அரசாங்கத்தின் டெலிபோன் ஆராய்ச்சி மையம் சி-டாட் சேர்ந்திருக்கிறது. அளவுக் கருவிகள் பம்பாய் ஐ.ஐ.டி.க்கு. புதுப் பொருள்களும் சாதனங்களும் டில்லி ஐ.ஐ.டி.க்கு. இவற்றின் கீழ் 17 மாநிலங்களில் பரவிய 14 குழுக்கள் உண்டு.

ஏன் நாலு இடம்? ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்காது என்பதால்தான். 2024 ஆகஸ்டில் ஆறு க்யூபிட் யந்திரம் ஒன்று வெற்றிகரமாக ஓடிய கதையைப் பாருங்கள். க்யூபிட்களை வடிவமைத்துச் செய்தது பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம். அதை ஆட்டி வைக்கும் எலெக்ட்ரானிக்ஸ் பெட்டியைச் சேர்த்தது புனாவிலுள்ள டி.ஆர்.டி.ஓ.வின் இளம் விஞ்ஞானிகள் ஆராய்ச்சிசாலை. வெளியிலிருந்து கணக்கைக் கொடுக்கும் வழியைச் செய்தது டி.சி.எஸ். கம்பெனி. மூன்று பேரும் சேர்ந்து ஆறு க்யூபிட். 2025 ஏப்ரலில் பெங்களூரின் க்யூ-பை-ஏ.ஐ. என்ற கம்பெனி 25 க்யூபிட் யந்திரம் ஒன்றை வெளியிட்டது. இந்தப் பாதையில் ஆயிரம் என்பது இன்னும் வெகு தூரம்.

மாநிலங்களும் போட்டிக்கு வந்துவிட்டன. 2025-ல் கர்நாடக அரசாங்கம் 1,000 கோடி ரூபாய் அறிவித்தது. ஆந்திர அரசாங்கம் அதே வருஷம் ஐ.பி.எம்., டி.சி.எஸ். கம்பெனிகளுடன் பேசி, அமராவதியில் 156 க்யூபிட் யந்திரம் அமைக்கத் திட்டமிட்டது. போட்டி நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு ஊரும் தனித்தனி என்ஜின் வாங்கிவிட்டு, தண்டவாளத்தை இணைக்காமல் விட்டால் பயன் இல்லை. ஒரு சோதனைசாலையில் உள்ள விலை உயர்ந்த கருவியை அடுத்த ஊர் மாணவனும் உபயோகிக்க வழி இருக்க வேண்டும். திட்டம் தேறுமா தேறாதா என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

கடிதமும் கதவடைப்பும்

குவாண்டம் விஞ்ஞானத்தில் நாம் நேற்று வந்தவர்கள் அல்ல. 1924-ல் டாக்காவில் ஆசிரியராக இருந்த சத்தியேந்திர நாத் போஸ், தம் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றைத் தபாலில் ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீன் தாமே அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். இன்று உலகத் துகள்களில் பாதி இனத்துக்கு ‘போஸான்’ என்று அவர் பெயர்தான். ஒரு தபாலில் ஆரம்பித்த கூட்டு ஆராய்ச்சி அது. சென்னைக் கணித விஞ்ஞான நிலையத்தில் ஆர். சைமன் 2000-ல் வகுத்த ஒரு விதியை, குவாண்டம் பிணைப்பு உண்டா இல்லையா என்று சோதிக்க உலகமெங்கும் இன்றும் கையாள்கிறார்கள்.

2023 ஜனவரியில் இந்தியாவும் அமெரிக்காவும் குவாண்டம் ஆராய்ச்சியில் கூடி வேலை செய்ய ஒரு பொது ஏற்பாடு செய்துகொண்டன. அதற்கு முன் 2022-லேயே சென்னை ஐ.ஐ.டி., ஐ.பி.எம். கம்பெனியின் யந்திரங்களை உபயோகிக்கும் குழுவில் சேர்ந்தது. இவை நல்ல காரியங்கள். ஆனால் கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது. 2024 செப்டம்பரில் அமெரிக்கா குவாண்டம் கம்ப்யூட்டர்களையும், அதற்கான கடுங்குளிர்ச் சாதனங்களையும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. 1993-ல் ரஷ்யா, அமெரிக்காவின் நெருக்குதலால், கிரையோஜெனிக் ராக்கெட் என்ஜின் செய்யும் முறையை நமக்குத் தர மறுத்துவிட்டது. திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியில் நம்மவர்களே சோதித்துச் சோதித்து, 2014 ஜனவரி 5 அன்று சொந்த என்ஜினுடன் ராக்கெட்டை வெற்றிகரமாக ஏவினார்கள். இருபது வருஷம் பிடித்தது. குவாண்டம் குளிர்ப் பெட்டிக்கும், ஒற்றை ஒளித்துகளைப் பிடிக்கும் கருவிக்கும் இன்னொரு இருபது வருஷம் காத்திருக்க முடியாது.

பிட்டருக்கும் வெல்டருக்கும் வேலை உண்டு

பெங்களூருக்கு இந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. 1940-ல் எச்.ஏ.எல்., 1948-ல் ஐ.டி.ஐ., 1954-ல் பி.இ.எல். என்று தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தபோது, ஜோலார்பேட்டை ரயிலில் வந்து இறங்கிய நம்மவர் பலர் அங்கே பிட்டராகவும், டர்னராகவும், வெல்டராகவும் சேர்ந்தார்கள். ஆகாய விமானத்தைக் கண்ணால் கண்டிராத பையன் ஐந்தே வருஷத்தில் அதன் இறக்கையை அளந்து அறுத்தான்.

குவாண்டம் சோதனைசாலைக்கும் அப்படிப்பட்ட கைகள் வேண்டும். காற்று ஒரு துளியும் புகாதபடி உலோகப் பெட்டியை வெல்டிங் செய்ய ஆள் வேண்டும். ஹீலியம் கசியாமல் குழாய் இணைக்க ஆள் வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய கம்பியைப் பொருத்த, கண்ணாடி இழையை ஒட்டு தெரியாமல் ஒட்ட, லேசர் ஒளியை இம்மி பிசகாமல் நிறுத்த ஆள் வேண்டும். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் மட்டும் இருந்தால் யந்திரம் ஓடாது.

படிக்கும் பிள்ளைகளுக்கும் வழி திறந்திருக்கிறது. பி.இ. மாணவர்கள் தங்கள் பாடத்தோடு குவாண்டம் தொழில் நுட்பத்தைத் துணைப் பாடமாக எடுக்க, அகில இந்தியத் தொழில் நுட்பக் கல்விக் கவுன்சில் 2024 டிசம்பரில் பாடத் திட்டம் வெளியிட்டது. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டெல். பாடங்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். பரீட்சைக்கு மட்டும் கட்டணம் உண்டு. பத்தாவதிலும் பிளஸ்-டூவிலும் கணக்கையும் பௌதிகத்தையும் கைவிடாமல் இருப்பதுதான் முதல் படி. ஐ.டி.ஐ., டிப்ளமோ படிக்கும் பையன்களுக்கும் பெண்களுக்கும் இதே போல ஒரு பாடத் திட்டத்தை அரசாங்கம் வகுத்தால், 6,003 கோடியில் ஒரு பங்கு தொழிலாளி வீட்டுக்கும் வந்து சேரும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ‘குவாண்டம்’ என்ற பெயருக்கு மவுசு வந்துவிட்டது. அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு சர்வரோக நிவாரணித் தண்ணீரும், தாயத்தும், மாதம் பத்து சதவிகிதம் வட்டி என்ற சீட்டும் வரும். அணு விஞ்ஞானத்துக்கும் அவற்றுக்கும் ஸ்நானப் பிராப்தியும் கிடையாது. கஷ்டப்பட்டுச் சேர்த்த பணத்தை அங்கே கொடுத்துவிடாதீர்கள்.

கணக்கு ஆபீசிலிருந்து வந்தவர்

நிறைவாக ஒருவரை நினைத்துக்கொள்வோம். திருச்சிராப்பள்ளி அருகே திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சி. வி. ராமன், 1907-ல் கல்கத்தாவில் அரசாங்கக் கணக்கு இலாகாவில் அதிகாரியாகச் சேர்ந்தார். பகலெல்லாம் பைல். ஆபீஸ் நேரத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த விஞ்ஞான சங்கத்தில் ஆராய்ச்சி. பத்து வருஷம் இப்படியே ஓட்டினார். 1917-ல் பெரிய சம்பளத்தை விட்டுவிட்டுக் குறைந்த சம்பளப் பேராசிரியர் பதவிக்குப் போனார். 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறிந்த ‘ராமன் விளைவு’, ஒளி குவாண்டம் கணக்குப்படிதான் நடக்கிறது என்பதற்கு அழுத்தமான சாட்சி ஆயிற்று. 1930-ல் நோபல் பரிசு. 1933-ல் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய டைரக்டர். 1948-ல் அவர் இங்கே தொடங்கிய நிலையத்தில்தான் அந்த ஐம்பது மீட்டர்ச் சோதனை நடந்தது.

அந்த ஆராய்ச்சியில் அவருடன் தோளோடு தோள் நின்றவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். பின்னால் டில்லியில் தேசிய பௌதிக ஆராய்ச்சி நிலையத்தின் முதல் டைரக்டரானார். இன்று நம் ரயில்களும் பாங்க்குகளும் பின்பற்றும் இந்திய நேரத்தைக் கணக்கிட்டுக் கொடுப்பது அந்த நிலையத்தின் அணுக் கடிகாரங்களே. குவாண்டம் விஞ்ஞானம் நம் கைக் கடிகாரத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

2031 மார்ச்சில் இந்தத் திட்டத்தின் காலம் முடியும். அப்போது எத்தனை க்யூபிட் என்று டில்லியில் கேட்பார்கள். அதோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டும். அந்தக் குளிர்ப் பெட்டியில் எத்தனை பாகம் நம் பட்டறையில் செய்தது? அதை ஓட்டத் தெரிந்த பையன்களும் பெண்களும் எத்தனை பேர் தயாராகியிருக்கிறார்கள்? இந்த இரண்டுக்கும் நல்ல பதில் கிடைத்தால், எந்த நாடு கதவை அடைத்தாலும் நம் வண்டி நிற்காது.